பிரபஞ்சம் முழுவதும்

உபி தொழிற்பேட்டை, ஐந்தாவது மாடி.
கீழே கார் பட்டறையில்
இந்நேரத்திலும் யாரோ சாயம் அடிக்கிறார்கள்.
வாடை மின்தூக்கியில் ஏறி வருகிறது.
திரையில் அவள் கொண்டை முடிகிறாள்,
பதினாலாவது தடவை.

முகத்தை மங்கலாக்கியாயிற்று.
குரலை இரண்டு படி இறக்கியாயிற்று.
சன்னலுக்கு வெளியே தெரிந்த பள்ளிவாசலை
ஒரு மாமரத்தால் மறைத்தாயிற்று.
பெயரையும் மாற்றியாயிற்று.

அங்கேதான் முதலில் இடறியது.
"பெத்தவங்க வச்ச பேர உதற
எனக்கு இருபத்தாறு வருஷம் ஆச்சு.
நானா வச்சுக்கிட்டது இது ஒன்னுதான்.
அதையும் எடுத்துட்டா
படத்துல இருக்கிறது யாரு?"
பாதுகாப்புக்குத்தான், என்றேன்.
நிலா என்று வைத்தாள் பெய் ஷான்.
இருட்டில் நடக்கிற கதை என்றால்
எல்லாருக்கும் நிலாதான்.

ஒப்புதல் படிவம், ஆங்கிலத்தில் நான்கு பக்கம்.
ஜொகூரில் அவள் அறையில்,
அந்த அறைக்கு வாடகை கட்டுவது யாரென்று
மூன்று பேருக்கும் தெரிந்திருக்க,
நான்தான் தமிழில் வாசித்துக் காட்டினேன்.
ஏழாவது பிரிவு:
இன்றுள்ள, இனிமேல் கண்டுபிடிக்கப்படும்
எல்லா ஊடகங்களிலும்
எக்காலத்துக்கும்
பிரபஞ்சம் முழுவதும்.
சிரித்துவிட்டாள்.
"அங்கயும் நம்ம ஆளுங்க இருப்பாங்களா?"
அந்தச் சிரிப்பு படத்தில் இல்லை.
சிரித்தால் வழக்கு பலவீனமாகுமாம்.

வேனில் நடந்ததை
"அப்புறம் எறக்கி விட்டாங்க" என்று
ஒரே வரியில் தாண்டிப் போனாள்.
இன்னொரு தடவை கேள், மெதுவாக,
என்றாள் பெய் ஷான் என் காதுக்குள்.
கேட்டேன்.
ஆங்கிலத்தில் அது அக்கறையாகத்தான் இருந்தது.
தமிழில் கேட்டது என் வாய்,
வேனுக்குள் கேட்ட அதே மொழியில்.
பதினோரு விநாடி அவள் பேசவில்லை.
அதற்கு என்ன வசனவரி போட?
சும்மா விட்டால்
கருவி கெட்டுவிட்டது என்று நினைப்பார்கள்.

பெய் ஷானைக் கெட்டவள் என்று எழுதிவிட்டால்
இது சுலபமாக முடிந்துவிடும்.
தன் சேமிப்பில் விமானச்சீட்டு எடுத்துத் தந்தவள்.
காஸ்வேயில் மூன்று மணி நேரம் பஸ்ஸில் நின்றபடி
மருந்து கொண்டுபோனவள்.
இந்தப் படத்தைப் பார்த்து
ஏதோ ஒரு நாடு இன்னும் நாலு பேருக்குக் கதவைத் திறந்தால்?
வெள்ளிக்கிழமை கடைசி நாள்.

நேற்று, பனி பெய்கிற ஊரிலிருந்து
ஒரு குரல் செய்தி.
"மொகத்த மறைச்சீங்க, சரி.
என் தம்பிக்கு மொகம் வேணாம்.
அந்தக் கொண்டை போதும்.
ரெண்டு சுத்து, ஒரு இழு, கட்டைவிரலால ஒரு அழுத்து.
அப்படி முடிஞ்சதுக்குத்தான் மொத அடியே."
கொஞ்சம் பொறுத்து, சன்னமாக:
"ஆனா அந்த ஷாட்டு நல்லா இருக்குல்ல?"

இதையும் சொல்லிவிடுகிறேன்.
அவள் இப்படிப் பேசமாட்டாள்.
அவள் பேச்சைக் கேட்டால் ஊர் தெரிந்துவிடும் என்பதால்
தேக்காவில் வளர்ந்த என் பேச்சைப் போட்டிருக்கிறேன்.
வேன் வேன் இல்லை.
தம்பி தம்பி இல்லை.
கொண்டையும் கொண்டை இல்லை, வேறோர் அசைவு,
எனக்கும் அவளுக்கும் தெரியும்,
அவனுக்கும்.

எழுதலாமா என்று கேட்டேன்.
"கவிதையா? அத யாரு படிக்கப் போறா?" என்றாள்.
அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.
ஏழாவது பிரிவை எழுதிய வக்கீலும்
இப்படித்தான் ஏதாவது எடுத்துக்கொண்டிருப்பார்.

கொண்டை என்று நான் சொல்லும் அதை
வெட்டிவிட்டேன்.
நாலு விநாடிக்குக் கறுப்பாக ஒரு பள்ளம்.
பெய் ஷான் காலையில் வந்து கேட்பாள்,
என்னிடம் பதில் இல்லை.
கோப்பி வாங்கக் கீழே இறங்கினால்
சாயம் காயாமல் நிற்கிறது கார்,
எண் தகடு இன்னும் மாட்டவில்லை.